சாண்ட்பைப்பரின் பதில்

நாற்பத்திரண்டு அடிப் படகு, கரையில் நின்று பார்ப்பவர்களுக்குப் பெரிதாகத்தான் தெரியும். லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில், புறப்படுவதற்கு முந்தைய வாரம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "அடேயப்பா, வீடு மாதிரி இருக்கே" என்றார்கள். அதே படகில் நான்கு பேர் ஏறி, கரை மறைந்து, நான்கு நாள் ஓடிவிட்டால் அது ஒரு பஸ் நிறுத்தத்தின் அளவுக்குச் சுருங்கிப்போகும். பஸ் வராத நிறுத்தம். ஹெஸ்டர் பாஸ்கோ நான்காம் நாள் காலையில் அப்படி ஒரு நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

'கிட்டிவேக்' என்ற அந்தப் படகின் பின்புறக் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட வாழைத்தார் முழுக்க ஒரே ராத்திரியில் பழுத்துவிட்டிருந்தது. எல்லாப் படகிலும் இதே கூத்துதான். நாளுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள், தார் அந்தக் கணக்கை மதிக்காது. ஹெஸ்டர் காலையிலிருந்து வாழைப்பழ ரொட்டி, வாழைப்பழக் கஞ்சி என்று எதையாவது செய்துகொண்டே இருந்தாள். கையில் வேலை இருந்தால் மேலே பார்க்க வேண்டாம். மேலே சுக்கான் சக்கரத்தின் முன்னால் அவள் கணவன் டென்சில் நின்றான். புறப்பட்ட ராத்திரியிலிருந்து அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

இருவரும் கார்ன்வாலில் ஃபால்மத் ஊர்க்காரர்கள். டென்சில் சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வருஷா வருஷம் நவம்பரில் இருநூறு படகுகள் கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடக்கும் இந்த ராலியில் ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்பது அவனுடைய முப்பது வருஷத்து ஆசை. ஹெஸ்டருக்கும் கடல் பிடிக்கும், அதில் பொய்யில்லை. கேப்டன் சான்றிதழ் அவளிடமும் உண்டு. சொல்லப்போனால் அந்தத் தேர்வில் அவனைவிட அவளுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனாலும் எந்தத் துறைமுகத்திற்குள் நுழைந்தாலும் சக்கரம் அவன் கையில் இருக்கும், கயிறு அவள் கையில் இருக்கும். கயிற்றோடு குதித்து, தவறி, முட்டி சிராய்த்து, அதற்கு அவனிடம் திட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டது அவள்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தம்பதியின் படகைப் பார்த்தாலும் இதே கதைதான் என்பதால் அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவன் தூங்காமல் போனதற்குக் காரணம் ஹெஸ்டரின் தம்பி கிளெம். பல் டாக்டர், நல்ல மனிதன், படகுக்கு ஆகாதவன். முதல் ராத்திரி தன் முறையில் பாரா பார்க்க உட்கார்ந்தவன், கடல் குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு குறட்டை விட்டுவிட்டான். ஒரு சரக்குக் கப்பல் அவர்களை உரசாத குறையாகக் கடந்து போனது. அதன் சங்கொலி கேட்டு டென்சில் மேலே பாய்ந்து வந்தபோது கப்பலின் டீசல் புகை வந்து முகத்தில் அடித்ததாம். அன்றைக்கு அவன் கத்தவில்லை. "இனிமே யாரும் பாரா பாக்க வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னான். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவன் படுக்கவே இல்லை. சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து நாலு நிமிஷம் கண் அயர்வான், திடுக்கிட்டு எழுந்து நாலு திசையும் பார்ப்பான். இரண்டாம் நாள் எரிந்து விழுந்தான். மூன்றாம் நாள், குடிதண்ணீரில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, தானே மூடி திறந்த பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொடாமல் போனான். கூட வந்த நான்காவது ஆள் மாலின், ஸ்வீடன் நாட்டுப் பெண், தச்சு வேலை செய்பவள். துறைமுகத்தில் படகு படகாகப் போய் இடம் கேட்டு இவர்களோடு சேர்ந்துகொண்டவள். அவள் ஹெஸ்டரிடம் கேட்டாள்:

"அவரு எப்பவுமே இப்படித்தானா?"

"இல்லம்மா. வீட்ல டிவி முன்னாடி உக்காந்தா பத்து நிமிஷத்துல வாயத் திறந்துட்டுத் தூங்கற ஆளு."

"அப்ப ஒரு டிவி வாங்கி மாட்டியிருக்கலாம்" என்று படுக்கையிலிருந்து கிளெம் முனகினான். வாளியைக் கட்டிப்பிடித்தபடியே அவனால் கிண்டல் பண்ண முடிந்தது.

திரும்பிப் போகலாம் என்றால் வழி இல்லை. இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும் காற்று. திரும்பினால் அத்தனையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு, அலைமேல் அலையாக முட்டிக்கொண்டு, வந்ததைப்போல மூன்று மடங்கு நாள் ஆகும். இன்னும் இரண்டு நாள் ஓட்டத்தில் இடப்பக்கம் கேப் வெர்டே தீவுகள் வரும். அங்கே மிந்தேலோ துறைமுகம். அதற்குத் திரும்ப வேண்டிய இடம் நாளை வந்துவிடும். அதை விட்டால் அட்லாண்டிக்கின் அந்தக் கரை வரைக்கும் தண்ணீர்தான். இறங்குகிற பேச்சை எடுத்தாலே டென்சில் கேட்காத மாதிரி பாயைப் பார்ப்பான்.

நண்பகலில் ரேடியோவில் படகுகளின் ஆஜர் எடுக்கும் வழக்கம் உண்டு. ஒருவர் பெயர்களைக் கூப்பிட, ஒவ்வொரு படகும் தன் இடத்தையும் நலத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் பிரிவுக்கு ஆஜர் எடுப்பவன் டென்சில்தான். மாதாகோவிலில் வேதம் வாசிக்கிற மாதிரி ஒரு குரல் அவனுக்கு. அதற்காகவே எல்லோரும் சேர்ந்து அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் மாலினிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே வருவான். அன்றும் வந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டியிருந்தது, உதடு உப்பில் வெடித்திருந்தது. மைக்கை எடுத்ததும் குரல் மட்டும் பழைய குரலாகவே இருந்தது.

"நூர்ட்லிஸ்."

"நூர்ட்லிஸ் இருக்கோம். அஞ்சு பேரும் நலம்" என்று நார்வேக்காரன் டோர்லைஃப் பதில் சொன்னான். அவன் படகின் பாய் அடிவானத்தில் வெள்ளையாகக் கண்ணுக்கே தெரிந்தது.

"மிராபெல்."

மிராபெல் சொன்னது. இன்னும் நாலைந்து படகுகள் சொல்லின. ஹெஸ்டர் அடுப்படியில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சாண்ட்பைப்பர்" என்று கூப்பிட்டான் டென்சில்.

ரேடியோ இரைந்தது. ஹெஸ்டரின் கத்தி ரொட்டியில் பாதியோடு நின்றது.

"சாண்ட்பைப்பர், சாண்ட்பைப்பர், கிட்டிவேக் கூப்பிடுது. உங்க இடம் சொல்லுங்க."

தலையைச் சாய்த்துக் கேட்டான். வெறும் இரைச்சல்தான். ஆனால் அவன் தலையாட்டினான், பென்சிலால் எண்களைக் குறித்தான். "நன்றி சாண்ட்பைப்பர். ரெண்டு பேர், நலம். குறிச்சுக்கிட்டேன்."

பிறகு டோர்லைஃப் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "கிட்டிவேக், கடைசிப் பேரு எனக்குச் சரியாக் கேக்கல. எந்தப் படகு அது?"

"கேக்கலேன்னா உன் ஆன்டெனாவைப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனான் டென்சில்.

சாண்ட்பைப்பர் எந்த ராலியிலும் இல்லை. அது அவர்களுடைய முதல் படகு. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது, மரப்படகு, மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். அதில் இரண்டே பேராக, பிரெஞ்சுக் கரையில் இருக்கும் பிரிட்டனிக்குப் போய் வந்தார்கள். அவள் சுக்கானைப் பிடிப்பாள், அவன் குறட்டை விட்டுத் தூங்குவான். பிறகு அவன் பிடிப்பான், அவள் தூங்குவாள். மகள் பிறந்ததும் விற்றுவிட்டார்கள். கடைசியாகக் கேள்விப்பட்டபோது அதன் சொந்தக்காரர் அதைத் தோட்டத்தில் கவிழ்த்துப் போட்டு, கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஹெஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டென்சில், சாண்ட்பைப்பரை நாம வித்துட்டோம்."

"எனக்குத் தெரியாதா? வாங்கினவங்க ராலிக்கு வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"அதுல இப்ப கோழி இருக்கு."

"ரெண்டு பேர்தான் இருக்காங்க, ஹெஸ். ரெண்டே பேர். நமக்குக் கிழக்க மாட்டிக்கிட்டு இருக்காங்க. நாம போய்க் கூட நிக்கணும்." அவன் எழுதிய எண்களை அவளிடம் காட்டினான். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய ஏதோ ஓரிடம். "மேல வா. திருப்பணும்."

பைத்தியமாகப் பேசினால் மறுத்துப் பேசலாம். அவன் நியாயமாகப் பேசினான். கருணையாகக்கூடப் பேசினான். அதுதான் பயமாக இருந்தது.

அவன் மேலே ஏறிப்போனதும் கிளெம் தலையை மட்டும் தூக்கினான். "ஹெஸ், அவனைக் கட்டிப் போட்டுரலாம்."

"யாரு, நீயா? வாளியை விட்டுட்டு வருவியா?"

"என் மாத்திரைல நாலைத் தேத்தண்ணில போட்டுக் குடு."

"நேத்துலேருந்து என் கையால ஒரு வாய் குடிக்கல அவன்."

கிளெம் தலையைக் கீழே போட்டான். பிறகு, "எல்லாம் என்னாலதான்" என்றான், கிண்டல் எதுவும் இல்லாமல். அவள் அதை மறுக்கவில்லை. மறுக்க நேரமும் இல்லை. மேலே டென்சில் மாலினைக் கூப்பிடும் குரல் கேட்டது.

காற்று நேராகப் பின்னாலிருந்து வந்ததால் பெரிய பாய் வலப்பக்கமும் முன்பாய் இடப்பக்கமும் விரிந்திருந்தன. முன்பாயை நீளமான ஓர் அலுமினியக் கம்பம் வெளியே தள்ளிப் பிடித்திருந்தது. திசை திருப்ப வேண்டுமென்றால் முதலில் ஒருவர் முன்னால் போய் அந்தக் கம்பத்தைக் கழற்ற வேண்டும். கழற்றி முடித்துக் கை காட்டுகிற வரைக்கும் சக்கரத்தில் இருப்பவர் அசையக் கூடாது. படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. பல பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் டென்சில்.

மாலின் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு தவழ்ந்து முன்னால் போனாள். ஹெஸ்டர் ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்தபோது, மாலின் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துத் தலையைத் தூக்கியபடி நின்றிருந்தாள். கை காட்டவில்லை. டென்சில் அடிவானத்தைப் பார்த்தான், ஏதோ கேட்ட மாதிரி முகம் மலர்ந்தான், சக்கரத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினான்.

"டென்சில்!"

முன்பாய் மறுபக்கத்துக் காற்றை வாங்கிப் பின்னால் அறைந்தது. கம்பம் மாலினின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி, முன்கம்பியில் மோதி வளைந்தது. மாலின் அதற்கு முன்னாலேயே தளத்தில் குப்புற விழுந்திருந்தாள்; விழுந்ததால் பிழைத்தாள். ஹெஸ்டர் பாய்ந்து சக்கரத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து வலது புறமாகத் திருப்பினாள். முழு பலத்தோடு திருப்பினாள். படகு முனகிக்கொண்டே பழைய திசைக்குத் திரும்பியது.

மாலின் தவழ்ந்தே திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

"நான் கை காட்டவே இல்ல" என்றாள்.

"காட்டினே" என்றான் டென்சில்.

"காட்டல. நீங்க என்னைப் பாக்கவே இல்ல."

அவன் அவளைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவனுக்கே சந்தேகம் வந்ததுபோல இருந்தது. ஹெஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டு, "டென்சில், சக்கரத்தை என்கிட்ட குடு" என்றாள்.

"தர முடியாது."

"தூங்காம நிக்கற ஆளோட பேச முடியாது. குடு."

"நான் விட்டா யாரு பாக்கறது? உன் தம்பியா? இல்ல, நீயா? நீ கீழ போய் ரொட்டி சுடு. அங்க ரெண்டு பேரு மாட்டிக்கிட்டு இருக்காங்க, அவங்க கேப்டன் எப்படித் தூங்கறான்னுதான் எனக்கு..." அவன் முடிக்கவில்லை. வாய் கோணியது, அழப்போகிற குழந்தையின் வாய் மாதிரி. இரண்டு கையாலும் சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிடுங்கப் பார்த்தால் நாலு பேருமே கடலுக்குள் போக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் பாத்ரூம் போயிட்டு வரேன்" என்றாள்.

மாலின் அவளை நம்பமுடியாமல் பார்த்தாள். இந்த நேரத்திலா என்று கேட்டது அந்தப் பார்வை.

படகில் கதவு வைத்த இடம் கழிப்பறை ஒன்றுதான். அலமாரி அளவு இருக்கும். ஹெஸ்டர் போகிற வழியில் கையடக்க ரேடியோவை எடுத்து மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள். முட்டியை எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து, மூடிய பீங்கான் மேல் உட்கார்ந்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே முழுதாகப் புரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு கழிப்பறைக்குள், இல்லாத ஒரு படகாகப் பேசப்போகிறோம். சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையாகிவிடும் என்று அடக்கினாள். பொத்தானை அழுத்தினாள்.

"கிட்டிவேக், கிட்டிவேக், இது சாண்ட்பைப்பர். கேக்குதா? ஓவர்."

அவள் குரல் மேலே சக்கரத்தின் பக்கத்தில் ஒரு மைக்கோடு இருந்த ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. தன் குரல்தான் என்றாலும் அவளுக்கே வேறு யாரோ பேசுவது போலிருந்தது. பொத்தானை விட்டுக் காத்திருந்தாள்.

"சாண்ட்பைப்பர், கிட்டிவேக்." அவன் குரல். "கேக்குது. எப்படி இருக்கீங்க? ஓவர்."

"நல்லா இருக்கோம். உங்களுக்குப் பின்னாலதான் வரோம். உங்க பாய் எனக்குத் தெரியுது. ஓவர்."

"யாரு பாரா?"

"நான்தான். எங்க கேப்டன் தூங்கறார்."

பிறகு அவன் கேட்டான், ரேடியோவில் கேட்கிற கேள்வியே இல்லை அது: "அவன் எப்படித் தூங்கறான்?"

ஹெஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "என்னை நம்பித்தான். வேற என்ன? நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா தூங்கிடுவார். கிட்டிவேக், நீங்களும் போய்ப் படுங்க. ரெண்டு படகுக்கும் சேத்து நான் பாக்கறேன். ஏதாவது வந்தா எழுப்பறேன். சத்தியமா எழுப்பறேன். ஓவர்."

மேலே அவன் குரல், ரேடியோவில் அல்ல, நேராகக் கேட்டது. "மாலின். இருநூத்தி முப்பத்தஞ்சு." மாலின் திருப்பிச் சொன்னாள்: "இருநூத்தி முப்பத்தஞ்சு." சக்கரம் கை மாறும்போது திசைகாட்டியின் எண்ணை இப்படிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் யாரும் சக்கரத்தை விடுவதில்லை.

ஏணியில் காலடி இறங்கியது. கழிப்பறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. அவள் ரேடியோவை அணைத்து மார்போடு அழுத்திக்கொண்டாள். ஒரு விரல் தடிமனுள்ள பலகைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. வெகுநேரம் நின்றான். பிறகு காலடி முன்னறைக்குப் போனது, படுக்கை முனகியது. அவள் கதவைத் திறக்கத் துணிவதற்குள் குறட்டை கேட்டது.

மேலே போனபோது மாலின் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. பக்கத்துப் படகுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"சாண்ட்பைப்பர், இது நூர்ட்லிஸ்" என்றான் டோர்லைஃப், மெதுவான குரலில். "நாங்களும் பக்கத்துல வரோம். நாங்களும் முழிச்சிருக்கோம். ஓவர்."

ஹெஸ்டர் நன்றி சொல்ல மைக்கை எடுத்தாள். மைக்கின் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி விட்டாள். கடலில் அதுவும் ஒரு பதில்தான்.

டென்சில் மறுநாள் காலை வரைக்கும் தூங்கினான். இதற்குள் அவளும் மாலினும் வளைந்த கம்பத்தைக் கழற்றிக் கட்டிவைத்து, பாயைச் சுருக்கி, மாறி மாறி ஓட்டினார்கள். கிளெம்கூட எழுந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்தான். தூங்கிவிடாமல் இருக்க வாளியில் கடல் தண்ணீரை நிரப்பி அதில் கால் வைத்துக்கொண்டான்.

டென்சில் முகம் கழுவி, தலை சீவி மேலே வந்தான். வந்தவன் பாயைப் பார்த்தான், கயிறுகளைப் பார்த்தான். குறை தேடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கயிற்றின் நுனி அவிழ்ந்து தொங்கியது. அதை மடித்துக் கட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"நேத்து ரேடியோல நான் யார்கிட்டப் பேசினேன்?"

"என்கிட்ட."

"எங்கேருந்து பேசின?"

"கக்கூஸ்லேருந்து."

அவன் சிரிக்கவில்லை. காது சிவந்தது. "யார் யார் கேட்டாங்க?"

"ஆஜர்ல நீ கூப்பிட்டதை எல்லாரும். மத்ததை நூர்ட்லிஸ்." பிறகு, சொல்லக்கூடாது என்று நினைத்ததையும் சொன்னாள். "மாலினைக் கொன்னிருப்பே, டென்சில்."

அவன் தலை குனிந்தான். "மன்னிச்சிரு" என்றான். "இப்ப சரியாயிடுச்சு. குடு, நான் ஓட்டறேன்." கையை நீட்டினான்.

அவளுக்கு அந்தக் கை மேல் இரக்கம் வந்தது. முப்பது வருஷமாக இரக்கம் வந்தவுடனே அவள் எதையாவது கொடுத்துவிடுவாள். இந்தத் தடவை சக்கரத்தை விடவில்லை.

"மிந்தேலோவுக்குத் திரும்பற இடம் மத்தியானம் வந்துரும்" என்றாள். "ரெண்டுல ஒண்ணு. அங்க போய் நானும் மாலினும் இறங்கிக்கறோம், நீயும் கிளெமும் போங்க. இல்லேன்னா, அந்தக் கரை வரைக்கும் நான் கேப்டன். யாரு எப்ப பாரா, யாரு எப்பத் தூங்கணும், நான்தான் சொல்வேன். நீ உன் முறை வரும்போது ஓட்டுவே. முறை முடிஞ்சா படுப்பே."

"நான் படுக்கலேன்னா?"

"மிந்தேலோ."

"ஹெஸ், ராலில என் பேர்ல பதிஞ்சிருக்கு படகு. ஊர்ல என்னத்தச் சொல்றது?"

"கோழிக் கூண்டைக் கூப்பிட்டுப் பேசினதைச் சொல்லு."

பக்கத்தில் மாலின் திடீரென்று கடலைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். டென்சில் எழுந்து கீழே போனான். போன விதத்தில் சம்மதமும் தெரியவில்லை, மறுப்பும் தெரியவில்லை.

நண்பகல் வந்தது. ஹெஸ்டர் காத்திருந்தாள். மைக்கை அவன் எடுக்க மாட்டான், தான்தான் போய் அவன் வெட்கத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் கீழே ரேடியோ இரைவது கேட்டது, பிறகு அந்த வேதம் வாசிக்கிற குரல்.

"எல்லாப் படகுக்கும், இது கிட்டிவேக். நேத்து நான் இல்லாத ஒரு படகைக் கூப்பிட்டேன். அதுவரைக்கும் நாலு நாளா நான் தூங்கல. அவ்வளவுதான். ஆஜருக்கு வரேன். நூர்ட்லிஸ்."

ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். ஒவ்வொன்றும் பதில் சொன்னது; யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் தன் படகுக்கு வந்தான். இடத்தைச் சொன்னான். "நாலு பேர். நலம்" என்றான். அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"கேப்டன், ஹெஸ்டர் பாஸ்கோ" என்றான். "குறிச்சுக்குங்க."

"குறிச்சுக்கிட்டோம்" என்றான் டோர்லைஃப்.

கீழே மைக்கை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு டென்சில் தலையை வெளியே நீட்டினான். "மத்தியானத்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கட்டுமா, கேப்டன்?" என்று கேட்டான். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சமாளித்திருக்கத் தெரியும்.

"உரி" என்றாள்.

படகை மேற்கே திருப்பினாள். மிந்தேலோ இடப்பக்கம் எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாமலே பின்னால் போனது. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது, ஒரு அரைமணி நேரம். அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பெரிய பாயின் தையலில் ஒரு நூல் பிரிந்திருக்கிறதா? கயிறு சுற்றும் வின்சில் அந்தக் கீச்சொலி நேற்று இருந்ததா? வலப்பக்கத்து மேகம் கறுக்கிறதா? யாரிடம் கேட்பது? எல்லோரும் கேட்க வேண்டிய ஆள் இப்போது அவள்தான்.

மாலின் கட்டுப் போட்ட கையோடு மேலே வந்து நின்றாள். "என் முறை."

"இன்னும் கொஞ்ச நேரம் நான் இருக்கேன். நீ போய் உக்காரு."

சற்றுப் பொறுத்து மாலின் மறுபடி கேட்டாள். ஹெஸ்டர் மறுபடி அதையே சொன்னாள். மூன்றாம் தடவை மாலின் வாயைத் திறக்கவில்லை. கீழே திரும்பி டென்சிலைப் பார்த்தாள். ஏணியின் அடியில், பாதி உரித்த உருளைக்கிழங்கும் கையுமாக, அவன் நின்றுகொண்டிருந்தான். ஹெஸ்டரும் பார்த்தாள்; அவன் முகத்தில் கிண்டல் தெரிந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாள். அவன் முகத்தில் இருந்தது பரிதாபம்.

"இருநூத்தி எழுவது" என்றாள் ஹெஸ்டர்.

"இருநூத்தி எழுவது" என்றாள் மாலின்.

விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. இறங்கிப் போய் முன்னறையில் படுத்தாள். தலைக்கு மேலே மாலினின் காலடி இடமும் வலமுமாக நகர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் காது கூடவே நகர்ந்தது. டென்சில் வந்து படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை இழுத்து அவள் தோள் வரை மூடினான்.

"தூங்கு, ஹெஸ்" என்றான். "நான் பாத்துக்கறேன்."

அதைக் கேட்டதும் அவளுக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போய்விட்டது.